போகலாமா என்பவனும் போயே ஆகவேண்டியவனும்

வங்கிக் கவுன்டருக்கு உள்பக்கம் உட்கார்ந்திருப்பவனுக்கு ஊர் ரகசியத்தில் பாதி தெரிந்துவிடும். யார் வீட்டு நகை எத்தனை வருசமாக அடகில் கிடக்கிறது, எந்த வீட்டுக்கு வெளிநாட்டுப் பணம் வருவது நின்றுபோனது, எந்த அக்கா புருசனுக்குத் தெரியாமல் சேமிக்கிறாள், எல்லாம் பாஸ்புக்கில் வரிவரியாக இருக்கும். மீதிப் பாதி டீக்கடையில் தெரியும். இரண்டு இடத்திலும் தெரியாத ஒன்றை ஒரு தம்பி போன மாதம் என்னிடம் சொன்னான். இந்தக் கட்டுரை அதிலிருந்து வந்தது.

பரளச்சிப் பக்கம் கரிசல் காடு. மழை பெய்தால் பருத்தி, மல்லி, பாசிப்பயறு. பெய்யாவிட்டால் சீமைக்கருவேலம் வெட்டி, மூட்டம் போட்டு, கரி. அந்தப் புகையில் கண் எரிந்து வளர்ந்த பிள்ளைகள் ஐ.டி.ஐ. படித்துவிட்டு, வட்டிக்கு வாங்கி ஏஜெண்டுக்குக் கட்டிவிட்டு, வளைகுடாவுக்கு விமானம் ஏறுகிறார்கள். நான் சொல்லும் தம்பியும் அப்படிப் போனவன்தான். நம்ம காலனிப் பிள்ளை. வெல்டர். எந்தக் காலனி, எந்த நாடு என்று எழுத வேண்டாம் என்றான். எழுதவில்லை. அச்சுக்குக் கொடுக்கும் முன்னால் முழுசும் அவனுக்கு வாசித்துக் காட்டிவிட்டேன்.

அவன் ஆண்களை விரும்புகிறவன். இதை என்னிடம் சொல்ல அவனுக்கு ஆறு வருசம் ஆகியிருக்கிறது. லீவில் வந்திருந்தபோது செல்போனில் ஓர் ஆங்கிலக் கட்டுரையைக் காட்டினான். தன்பாலீர்ப்பாளர்களைச் சிறையில் தள்ளுகிற நாடுகளுக்கு அவர்கள் சுற்றுலா போகலாமா கூடாதா என்ற வாதம். போனால் அந்த அரசாங்கத்துக்குக் காசு கொடுத்ததாகும் என்பது ஒரு கட்சி. போகாவிட்டால் அங்கே இருக்கிறவர்களை அநாதையாக விட்டதாகும் என்பது எதிர்க்கட்சி. தம்பி கேட்டான்: "ஏண்ணே, இதுல நான் எங்கண்ணே இருக்கேன்?"

எனக்குப் பதில் வரவில்லை. "டீ ஆறுது பாரு, குடி" என்று சொல்லித் தப்பித்தேன். பத்து வருசமாக மேடையில் கவிதை வாசிக்கிறவன், விடுதலை என்ற சொல்லை அந்தந்த மேடைக்கு ஏற்றபடி ஏற்றி இறக்கத் தெரிந்தவன், ஒரு தம்பியின் கேள்விக்கு டீயைக் காட்டினேன். அந்த வெட்கத்தில் எழுதுகிறேன்.

முதலில் நிலவரம். ஒரே பாலினத்தவர் உறவைக் குற்றம் என்கிற நாடுகள் இன்றைக்கும் அறுபதுக்கு மேல். குவைத்தில் வயதுவந்த இரண்டு ஆண்கள் சம்மதத்தோடு கூடினால் ஏழு வருசம்வரை சிறை. சவூதியில் மரண தண்டனைகூட விதிக்கலாம். மலேசியாவில் இருபது வருசம்வரை சிறை, கூடவே பிரம்படி. இதைப் பார்த்து "அதான் முஸ்லிம் நாடு" என்று சுலபமாக முடிக்கப் பார்ப்பவர்களுக்கு: 2023-இல் மரண தண்டனை வரைக்கும் சட்டம் போட்ட உகாண்டா கிறித்தவர்கள் பெரும்பான்மையாக வாழும் நாடு. மலேசியச் சட்டம் வெள்ளைக்காரன் எழுதிவைத்துவிட்டுப் போனதன் வாரிசு. இலங்கையில் இன்னமும் இருக்கிற 365, 365ஏ பிரிவுகளும் அதே ஆலமரத்தின் விழுதுகள். அந்த மரம் நடப்பட்டது இங்கேதான். 1860-இன் இந்திய தண்டனைச் சட்டம், 377ஆம் பிரிவு. மெக்காலே தலைமையில் வரைவு தயாரானது. 2009-இல் டெல்லி உயர்நீதிமன்றம் அதன் பல்லைப் பிடுங்கியது. 2013-இல் உச்சநீதிமன்றம் பல்லைத் திரும்ப ஒட்டவைத்தது. 2018 செப்டம்பர் 6-ஆம் தேதிதான் வயதுவந்தவர்களின் சம்மத உறவு குற்றமில்லை என்று ஆனது.

ஆக 2018 வரைக்கும் அந்தப் பட்டியலில் நாமும் இருந்தோம். லண்டனிலோ பாரிசிலோ ஒருவர் "இந்தியாவுக்குப் போகலாமா, அங்கே நம்மைக் குற்றவாளி என்கிறார்களே" என்று யோசித்திருந்தால் அது நியாயமான யோசனை. இந்தக் கேள்வியைப் பிறத்தியார் கேள்வி என்று தள்ளிவிட முடியாது.

பகை ஊருக்குள் பயணம் போவது எப்படி என்று நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. டாக்டர் அம்பேத்கர் தன் அனுபவங்களை எழுதிய சிறு நூலுக்கு 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்று பேர் வைத்தார். சொந்த நாட்டுக்குள் நடப்பதற்கே விசா வேண்டியிருந்தது என்பதுதான் அந்தத் தலைப்பின் குத்தல். 1901-இல் சின்னப் பையனாக, காசாளர் வேலை பார்த்த அப்பாவைத் தேடி ரயிலேறிப் போகிறார். மசூர் ஸ்டேசனில் இறங்கினால் வண்டிக்காரன் எவனும் ஏற்றமாட்டேன் என்கிறான். ரெட்டைக் கூலி கொடுத்து, பிள்ளைகளே வண்டியை ஓட்ட, வண்டிக்காரன் கூடவே நடந்து வருகிறான். ராத்திரி சுங்கச்சாவடியில் முஸ்லிம் பிள்ளைகள் போலக் காட்டிக்கொண்டு கேட்டும் குடிக்கத் தண்ணீர் கிடைக்கவில்லை. பின்னால் கொலம்பியாவில் படித்து முடித்து, பரோடாவில் உத்தியோகத்துக்கு வந்தபோது தங்க இடமில்லை. பார்சி விடுதியில் பார்சிப் பேரை எழுதிக்கொடுத்துத் தங்கினார். பதினோராம் நாள் கம்போடு ஒரு கும்பல் வந்து நின்றது. சாயங்காலத்துக்குள் காலிசெய் என்றது.

பேரை மாற்றி எழுதி அறை எடுப்பது. சத்தம் கேட்டால் நெஞ்சு அடித்துக்கொள்வது. கண்டுபிடித்துவிட்டால் கம்பு. தம்பி அவனது லேபர் கேம்ப் வாழ்க்கையைச் சொல்லச்சொல்ல எனக்கு அந்த பரோடா விடுதிதான் தெரிந்தது. "பத்துப் பேரு படுத்திருக்கிற ரூம்ல போனைக் குப்புறப் போட்டுத்தாண்ணே தூங்குவேன். தூக்கத்துல எதையாச்சும் ஒளறிருவனோன்னு பயம்" என்றான். இரண்டும் ஒன்று என்று சொல்லமாட்டேன். சாதியை நெற்றியிலும் தெருப்பெயரிலும் எழுதி ஒட்டிவிடுகிறான். தம்பியின் விசயத்தை ஒளித்துவைக்க முடிகிறது. ஆனால் ஒளித்துவைக்க முடிவது வசதி என்று நினைக்கிறவர்கள் ஒருநாள் ஒளித்துப் பார்க்கட்டும். எங்கள் தம்பிக்கு இரண்டும் சேர்ந்து இருக்கிறது. கேம்பில் ஊர்க்காரன் எவனாவது வந்தால் "எந்தத் தெரு" என்ற கேள்வியும் கூடவே வருகிறது.

அமெரிக்கக் கறுப்பர்கள் இதற்கு ஒரு வழி கண்டார்கள். விக்டர் ஹ்யூகோ கிரீன் என்ற ஹார்லெம் தபால்காரர் 1936-இல் ஒரு கையேடு போட்டார். கறுப்பர்கள் காரில் போனால் எந்த ஊரில் தங்கலாம், எங்கே சாப்பிடலாம், எங்கே பெட்ரோல் போடலாம் என்ற பட்டியல். முப்பது வருசம் வந்தது. 'போகாதே' என்று அது சொல்லவில்லை. போவது எப்படி, உயிரோடு திரும்புவது எப்படி என்று சொன்னது. பகை ஊருக்குள் போகிறவனைக் கோழை என்றோ துரோகி என்றோ தீர்ப்புச் சொல்ல எவருக்கும் உரிமையில்லை என்பதை முதலில் அதிலிருந்து எடுத்துக்கொள்கிறேன்.

அப்படியென்றால் புறக்கணிப்பு தப்பா? தப்பில்லை. அது நம் ஆயுதமும்கூட. செத்த மாட்டைத் தூக்கமாட்டோம், சாவுக்குப் பறையடிக்க வரமாட்டோம் என்று சொல்லித்தான் எத்தனையோ சேரிகள் நிமிர்ந்தன. தென்னாப்பிரிக்காவோடு 1946-இலேயே இந்தியா வியாபாரத்தை நிறுத்தியது. 1959-இல் ஆப்பிரிக்க தேசியக் காங்கிரசின் தலைவர் ஆல்பர்ட் லுத்துலி உலகத்தைப் பார்த்து எங்கள் நாட்டுப் பொருளை வாங்காதீர்கள் என்றார். புறக்கணிப்பால் கறுப்பர்கள்தான் பட்டினி கிடப்பார்கள் என்று வெள்ளை முதலாளிகள் கண்ணீர் விட்டார்கள். கறுப்பர்களின் தலைமையே கேட்டதால் அந்தக் கண்ணீர் செல்லுபடியாகவில்லை. கேட்டது யார் என்பதுதான் விசயம்.

இன்னொன்று புருணை. 2019 ஏப்ரலில் அந்தச் சுல்தான் கல்லால் அடித்துக் கொல்லும் சட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தார். லண்டனிலும் அமெரிக்காவிலும் புருணைக்குச் சொந்தமான பெரிய ஓட்டல்களுக்குப் போகாதே என்று சினிமா நடிகர்கள் குரல் கொடுத்தார்கள். ஒரே மாதத்தில் மரண தண்டனையை நிறைவேற்ற மாட்டோம் என்று சுல்தான் இறங்கிவந்தார். சட்டம் மட்டும் புத்தகத்தில் அப்படியே இருக்கிறது. அங்கே புறக்கணித்தவன் கைவைத்தது சுல்தானின் பையில். புருணையின் தெருவில் இட்டிலிக் கடை போட்டிருப்பவன் பையில் இல்லை. அதனால்தான் கொஞ்சமாவது வேலை செய்தது.

மூன்றாவது கத்தார். 2022 உலகக் கோப்பை. ஏழு ஐரோப்பிய அணித் தலைவர்கள் பல நிறப் பட்டையைக் கையில் கட்டிக்கொண்டு ஆடுவோம் என்றார்கள். கட்டினால் மஞ்சள் அட்டை என்றது பன்னாட்டுக் கால்பந்துக் கூட்டமைப்பு. கழற்றிவிட்டார்கள். மஞ்சள் அட்டைக்கே இப்படி. அந்த மைதானங்களுக்குக் கம்பி கட்டியது, கலவை தூக்கியது நேபாளி, வங்காளி, தெலுங்கன், தமிழன். அந்த ஆயிரக்கணக்கான தொழிலாளிகளுக்குள் ஆணை விரும்பும் ஆண்கள் இல்லாமலா இருப்பார்கள்? அவர்களுக்காக ஒரு பட்டை உண்டா? ரசிகர்கள் பத்திரமாக இருப்பார்களா என்று உலகப் பத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதின. சிமெண்டு தூக்கினவனில் அப்படி ஒருவன் இருந்தால் அவன் கதி என்ன என்ற கேள்வி அந்தப் பக்கங்களின் ஓரத்துக்கு வந்ததே அரிது.

இதிலிருந்து எனக்குத் தோன்றுவதை வரிசையாகச் சொல்கிறேன். கையில் ரிட்டன் டிக்கெட் உள்ள பயணி பகை நாட்டுக்குப் போகும் முன் மூன்று கேள்வி கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஒன்று: அந்த நாட்டில் வாழும் அவனைப் போன்றவர்கள் என்ன சொல்கிறார்கள்? வராதே என்றால் போகாதே. வந்து பார், எழுது என்றால் போ. 2001-இல் டர்பனில் நடந்த இனவெறி எதிர்ப்பு மாநாட்டில் சாதியைப் பற்றிப் பேசக்கூடாது, அது எங்கள் உள்வீட்டு விவகாரம் என்றது இந்திய அரசு. உலகமே பார் என்று சொல்லிக்கொண்டு நம் தோழர்கள் போனார்கள். அதுபோல ஒவ்வொரு நாட்டிலும் உள்ளே இருந்து ஒரு குரல் வரும். அந்தக் குரல் தலைநகரத்து வசதிக்காரனுடையது மட்டும்தானா என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இரண்டு: நீ விமானம் ஏறிய பிறகு அடி யாருக்கு? பயணிக்குத் தூதரகம் இருக்கிறது. அவனோடு ஒரு ராத்திரி தங்கிய உள்ளூர்ப் பையனுக்கு என்ன இருக்கிறது? அறைக்குத் தேநீர் கொண்டுவந்த வங்காளிப் பையனின் பாஸ்போர்ட் முதலாளியின் பீரோவில் இருக்கிறது. நம்முடைய தைரியத்துக்கு அடுத்தவன் முதுகை விலையாகக் கொடுத்தால் அது தைரியமில்லை.

மூன்று: உன் காசு யார் கைக்குப் போகிறது? சுல்தான் ஓட்டலுக்கா, தெருக்கடைக்கா?

இந்த மூன்றுக்கும் நேர்மையாகப் பதில் சொல்லிவிட்டுப் போகிறவன் போகட்டும், போகாதவன் போகாமலிருக்கட்டும். போனதாலேயே வீரனுமில்லை, போகாததாலேயே போராளியுமில்லை.

ஆனால் இந்த மூன்று கேள்வியும் நம் தம்பிக்குப் பொருந்தாது. அவனுக்குப் போகலாமா என்ற கேள்வியே கிடையாது. ஏஜெண்டு கடன் இருக்கிறது, தங்கச்சியின் நர்சிங் பீஸ் இருக்கிறது. 'பகை நாட்டுக்குப் போவதா, தாய்நாட்டில் நிம்மதியாக இருப்பதா' என்று அந்தக் கட்டுரை பிரித்துப் போடுகிறது. தாய்நாட்டில் என்ன நிம்மதி என்று தம்பியைக் கேட்டேன். சிரித்தான். "அங்கிட்டு போலீசுக்குப் பயம்ணே. இங்கிட்டு அம்மாவுக்குப் பயம்."

வீட்டில் பொண்ணு பார்க்கிறார்கள். மாமன் மகள் காத்திருக்கிறாள். வேண்டாம் என்றால் ஏன் என்பார்கள். ஏன் என்பதற்குப் பதில் சொன்னால் கோயிலுக்குக் கூட்டிப்போய் மந்திரிப்பார்கள், இல்லாவிட்டால் டாக்டரிடம் கூட்டிப்போய் மருந்து கொடுப்பார்கள். அந்த மருந்து தப்பு என்று நீதிமன்றமே சொல்லியிருப்பது வீட்டில் யாருக்கும் தெரியாது. மதுரையிலிருந்து சென்னைக்கு ஓடிவந்த இரண்டு இளம்பெண்கள், பெற்றோரும் போலீசும் துரத்துகிறார்கள் என்று வழக்குப் போட்டார்கள். 2021 ஜூன் 7-ஆம் தேதி சென்னை உயர்நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் தீர்ப்புச் சொன்னார். தனக்கே இதில் விளக்கம் தேவைப்பட்டது என்று ஒப்புக்கொண்டு, உளவியல் அறிஞரிடம் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டு எழுதிய தீர்ப்பு அது. 'குணப்படுத்துகிறேன்' என்று சொல்லும் சிகிச்சையைத் தடைசெய்தது. இவர்களைப் போலீசார் தொல்லை செய்யக்கூடாது என்றது. மதுரைக்கும் சென்னைக்கும் ஒரு ராத்திரி ரயில் தூரம். அந்தப் பெண்களுக்கு மதுரைதான் பகை நாடு, சென்னைதான் அடைக்கலம். பாஸ்போர்ட் இல்லாமலே எல்லை தாண்டியிருக்கிறார்கள்.

இயக்கத் தோழர்கள் இந்த இடத்தில் இரண்டு மறுப்புச் சொல்வார்கள். கூட்டம் முடிந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது நானே கேட்டிருக்கிறேன்.

முதலாவது: "இதெல்லாம் வெள்ளைக்காரன் வியாதி, மேல்சாதிக்காரன் பொழுதுபோக்கு." வெள்ளைக்காரன் கொண்டுவந்தது ஆசையை இல்லை, சட்டத்தை என்று மேலே சொல்லிவிட்டேன். மேல்சாதிக்காரன் விசயத்தில் பாதி உண்மை இருக்கிறது. 2015-இல் மும்பையில் ஒரு தாய் தன் மகனுக்கு மாப்பிள்ளை தேடிக் கொடுத்த விளம்பரத்தில், சாதி தடையில்லை என்று எழுதிவிட்டு, ஐயருக்கு முன்னுரிமை என்றும் சேர்த்திருந்தது. வானவில்லுக்கும் பூணூல் போடத் தெரியும். ஆனால் அதற்காக நம் பிள்ளையை அவர்களிடம் தள்ளிவிட்டு நாம் கதவைச் சாத்துவது எந்த ஊர் நியாயம்? அவன் வெல்டிங் பட்டறையில் வெந்த கைக்காரன். அவன் ஆசை எந்த மேல்சாதிக்காரனிடமிருந்தும் கடன் வாங்கியது கிடையாது.

இரண்டாவது: "முதல்ல சாதி ஒழியட்டும், அப்புறம் இதைப் பார்க்கலாம்." 1916-இல் கொலம்பியாவில் வாசித்த கட்டுரையில் அம்பேத்கர் சாதியின் உயிர்நிலையைக் காட்டினார்: அகமணம். யார் யாரைக் கட்டவேண்டும், யாரோடு படுக்கவேண்டும் என்பதைக் கூட்டம் முடிவுசெய்யும்வரைதான் சாதி. 2016-இல் உடுமலைப்பேட்டை பஸ் நிலையம் அருகே பட்டப்பகலில் அரிவாள் விழுந்தது அந்த முடிவை மீறியதற்குத்தான். மாமன் மகளைக் கட்டமாட்டேன் என்று நிற்கும் தம்பியும் அதே எந்திரத்தின் பல்லில்தான் கையை விட்டிருக்கிறான். ஊர்க்காரன் தன் பெண்ணைக் காவல் காக்கிறான், நாம் நம் பையனைக் காவல் காக்கிறோம். காவல் ஒன்றுதான்.

தென்னாப்பிரிக்காவிலேயே இதற்கு ஓர் ஆள் சாட்சி. சைமன் என்கோலி. கறுப்பர், தன்பாலீர்ப்பாளர், நிறவெறிக்கு எதிரான போராளி. 1984-இல் கைதாகி டெல்மாஸ் தேசத்துரோக வழக்கில் நிறுத்தப்பட்டார். சிறைக்குள் தன்னைப் பற்றிச் சொன்னபோது உடன் இருந்த தோழர்கள் சிலர் இவனோடு ஒரே வழக்கில் நிற்கமாட்டோம் என்று முறுக்கினார்கள். பேசினார்கள், சண்டை போட்டார்கள், கடைசியில் ஏற்றுக்கொண்டார்கள். வெள்ளையர் கையில் இருந்த தன்பாலீர்ப்பாளர் சங்கமோ அவரைக் கைவிட்டது. விடுதலையான பிறகு 1990-இல் ஜோகனஸ்பர்க் தெருவில் முதல் பேரணியை நடத்தியவர்களில் அவர் ஒருவர். 1996-இல் அந்த நாடு எழுதிய அரசியல் சட்டம், பாலீர்ப்பின் பேரால் பாகுபாடு கூடாது என்று எழுத்தில் வைத்தது. உலகத்திலேயே முதல் அரசியல் சட்டம் அதுதான். "முதல்ல நிறவெறி ஒழியட்டும்" என்று என்கோலியை வெளியே நிற்கவைத்திருந்தால் அந்த வரி வந்திருக்குமா?

நம் ஊர்ப் பக்கமும் ஒன்றும் நடக்காமல் இல்லை. 2012-இலேயே மதுரைத் தெருவில் வானவில் பேரணி போயிருக்கிறது. அப்போது 377 உச்சநீதிமன்றத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. பரளச்சியிலிருந்து மதுரை எத்தனை தூரம்? நம்மில் எத்தனை பேருக்கு அந்தச் செய்தி தெரியும்?

ஆகவே சுற்றுலாப் பயணி போகலாமா என்ற வாதத்தை அவர்கள் முடித்துக்கொள்ளட்டும். நமக்கு வேறு வேலை இருக்கிறது. வளைகுடாத் தொழிலாளர் கோரிக்கை என்று எழுதும்போது சம்பளப் பாக்கி, பாஸ்போர்ட் பறிப்பு, பிணத்தைக் கொண்டுவருவது என்பதோடு, இந்தக் காரணத்துக்காகப் பிடிபட்ட தொழிலாளிக்குத் தூதரகம் வக்கீல் வைக்கவேண்டும், வீட்டுக்குக் காரணத்தைச் சொல்லாமல் காப்பாற்றவேண்டும் என்ற வரியையும் சேருங்கள். வேலைக்குப் போகிற பிள்ளைக்கு அந்த நாட்டுச் சட்டம் என்ன என்று தமிழில் ஒரு பக்கம் அடித்துக் கொடுக்க மாணவர்களால் முடியும். கிரீன் என்ற தபால்காரர் செய்த வேலைதான். நம் கூட்டத்தில் 'ஒம்போது' என்று ஒருவன் கிண்டலடித்தால், சாதி பேர் சொல்லித் திட்டியதற்கு எப்படி எழுந்து நிற்போமோ அப்படி எழுந்து நில்லுங்கள். சென்னைக்கோ கோயம்புத்தூருக்கோ ஓடிவருகிற பிள்ளைக்கு நாலு நாள் தங்க இடம் கொடுங்கள். காரணம் கேட்காதீர்கள்.

தம்பி விசாவைப் புதுப்பித்துக்கொண்டு போய்விட்டான். போகும் முந்தின நாள் வீட்டுக்குக் கூப்பிட்டுச் சோறு போட்டேன். என் மனைவிக்கு விசயத்தைச் சொல்லட்டுமா என்று அவனிடம் கேட்டுவிட்டுத்தான் சொன்னேன். "மதினி என்ன சொல்லும்?" என்று பயந்தான். அவள் ஒன்றும் சொல்லவில்லை. கருவாட்டுக் குழம்பை இன்னொரு கரண்டி ஊற்றினாள். கை கழுவும்போது முதல்தடவையாக அவனே கேட்டான்: "எனக்கு அடுத்த லீவுக்கு இங்க தங்கலாமாண்ணே?"

தங்கலாம் என்றேன். அந்தச் சொல்லுக்கு நான் ஒரு மாதம் தாமதமாக வந்து சேர்ந்தேன்.